கடைசி ஆள் யாரு?

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நாங்கள் மூவரும் நலம். குழந்தை லிசெத்துக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு இளைப்பு.

நேற்று எங்களை அடைத்து வைத்திருக்கும் இந்த அகதி முகாமில், நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களை முதலில் வெளியே அனுப்பப் பெயர் எழுதினார்கள். உன் மருமகன் நம் கியூபா ரொட்டிக்கடை வழக்கப்படி, "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு, அவரை அடையாளம் பார்த்துக்கொண்டு, கூடார நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தால், வரிசையில் நிற்பவருக்குத்தான் இடம் என்று சிப்பாய் விடவில்லை.

"எனக்குப் பின்னாடி இவருதான்யா, நான் சாட்சி" என்று முன்னால் நின்றவர் கத்தியும் பலனில்லை.

இன்றோடு பெயர் எழுதுவது முடிகிறது. விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நகராமல் நிற்கிறார். அவருக்குப் பதிலாக வரிசையில் நிற்க நான் ஓட வேண்டும். லிசெத்தின் நெஞ்சில் தடவ, நீ காய்ச்சும் எண்ணெயை அனுப்பு.

ரொட்டிக்கடை வரிசையில் உனக்குப் பின்னால் இப்போது யார்? அது என் இடம்.

அவசரத்தில்,
ஒடாலிஸ்