ஜன்னலில் முளைத்த லெவுஷ்தியான்

அன்புள்ள வெதூரியா அக்காவுக்கு, பிரேமனிலிருந்து தம்பி பம்ஃபில் வணங்கி எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

என் பெண்டாட்டி சவேத்தா சாகும் முன் சேர்த்துவைத்த லெவுஷ்தியான் கீரை விதையை ஜன்னல் தொட்டியில் போட்டேன்.

"ரெண்டு வருஷ விதை முளைக்காதுய்யா," என்றான் பக்கத்து அறை தெத்லெஃப்.

"நான் போட்டா கூழாங்கல்லும் முளைக்கும்டா," என்றேன்.

முளைத்தது. ஜெர்மனியே வந்து வேடிக்கை பார்த்தது.

அதைப் போட்டு சூப்பு வைக்கும் ஆசையில் ஒன்றை மறந்துவிட்டேன். செத்தவர்கள் உள்ளே வராமலிருக்கத்தானே நம் ருமேனியாவில் இந்தக் கீரையை வாசலில் கட்டுவோம்? செத்த பிறகும் தினமும் சாயங்காலம் வந்து, "மீசைய வெட்டேன்யா, கரடி," என்று திட்டும் சவேத்தா, இலை விட்டதிலிருந்து வரவில்லை.

பிடுங்கவும் மனமில்லை, அவள் கைபட்ட விதை. என்ன செய்யட்டும்? ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். குளிருகிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. ஊருக்குக் கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

பம்ஃபில்