மழையில் ஓடுகிற கார்

பெப்ரவரி 3, செவ்வாய். டுசல்டோர்ஃப்

இரவு முழுக்க உறைபனி. காரின் முன் கண்ணாடி கல்லாக இறுகிக் கிடந்தது. சுரண்டிக்கொண்டு நிற்கும்போது ஒஸ்லோவிலிருந்து அண்ணியின் போன். வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் எடுப்பதில்லை.

"டொக்டர்மார் இனி ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிப்போட்டினம். அம்மாவைக் கேக்கிறார். கெதியா வாங்கோ."

அண்ணாவுக்குக் கணையத்தில் புற்று. கண்டுபிடித்தது தீபாவளிக்குப் பிறகு. அம்மாவுக்கு நாங்கள் சொன்னது வயிற்றுப் புண். "உறைப்பைக் குறைக்கச் சொல்லு" என்று அம்மா ஒவ்வொரு முறையும் போனில் அண்ணிக்குப் புத்தி சொல்வார். அண்ணியும் ஓம் ஓம் என்பார்.

விமானத்தில் போக வழியில்லை. அம்மாவின் இடது கண்ணில் போன கிழமைதான் ஆபரேஷன். உள்ளே வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது கரையும் முன் பறந்தால் விரிந்து கண்ணே போய்விடுமாம். ஆகவே கீல் வரை கார், கீலிலிருந்து ஒஸ்லோவுக்குக் கப்பல். பகல் இரண்டு மணிக்கு, நாளுக்கு ஒன்று. நாளைக்கு இடமில்லை. நாளை மறுநாள் கிடைத்தது. அம்மாவிடம் அண்ணா பார்க்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். என் கணவரும் மகளும் சனிக்கிழமை விமானத்தில் வருவார்கள்.

இவர் சொன்னது: "பழைய டீசல் இருந்திருந்தா கப்பலைப் பாராமல் ஒஸ்லோ வரை ஒரே ஓட்டமா ஓடியிருக்கலாம்."

இதை இன்றைக்குத்தான் சொல்ல வேண்டுமா? அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

மின்சாரக் கார் வாங்க வைத்ததே அண்ணாதான். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். முதலில் அவருடைய பஸ் மின்சாரமானது, பிறகு கார், பிறகு அவர்களுடைய தெரு முழுக்க. போன் எடுத்தால் வேறு கதை கிடையாது. "இஞ்சை மலையிலை மழை பெய்யுது, அந்தத் தண்ணி விழுந்து கரண்ட் வருது. என்ரை கார் மழையிலை ஓடுதடி. நீங்கள் ஜேர்மன்காரர் இருந்து கரியை எரியுங்கோ." நச்சரிப்புத் தாங்காமல்தான் வாங்கினோம். அந்தக் கார் இப்போது என்னை அவரிடம் பிந்திக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறது. அவர் மேல் கோபம் வருகிறது. சாகக் கிடக்கிற மனிதன் மேல்.

பெப்ரவரி 4, புதன்

இன்னும் குளிர். வேலையில் விடுப்பு எடுத்தாகிவிட்டது. காரணம் கேட்கவில்லை, நல்லது.

வைக்க வேண்டியவை:
அம்மாவின் சொட்டு மருந்து, மூன்று போத்தல். மூடிகள் வேறு வேறு நிறம்.
பாஸ்போட்கள்.
சார்ஜ் கார்ட் இரண்டும். ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றது.
கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தல்.
இடியப்பம், உறைப்பில்லாத சொதி. அண்ணா இப்போது தண்ணீரே குடிப்பதில்லை. அம்மா காலையிலிருந்து அடுப்படியில். யார் தடுப்பது?
என் வெள்ளைச் சேலை. வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். அடியில்.

பின்னேரம் கண் டொக்டரிடம் நேரம் எடுத்திருந்தேன். கப்பலில் போகலாம், பிரச்சினை இல்லை என்றார். அம்மா பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் ஜேர்மன் மொழியில் கேட்டேன்: "இவர் அழலாமா?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணீர் கண்ணுக்கு ஒன்றும் செய்யாது, கசக்கத்தான் கூடாது என்றார். நல்ல மனிதர், மேலே எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தெரியக்கூடாத எல்லாமே ஜேர்மனில்தான். மகள் பரீட்சையில் கோட்டை விட்டது, இவருடைய வேலை ஆட்டம் கண்டது, எல்லாம் அம்மாவின் முன்னாலேயே சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தவை. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார்.

கண்ணைச் சாட்டித்தான் இந்தக் கிழமையும் சொல்லாமல் இருந்தேன். அந்தச் சாட்டும் இன்று போயிற்று. பயம்தான், வேறென்ன.

பெப்ரவரி 5, வியாழன்

ஒஸ்னாபுருக் தாண்டி ஒரு நிறுத்தம். சார்ஜ் ஏறும் நேரத்தில் எழுதுகிறேன். இருட்டில் வெளிக்கிட்டோம். அவசரத்தில் மிதித்துவிட்டேன், சார்ஜ் தண்ணீராக இறங்கிவிட்டது. குளிரில் பற்றரி பாதிதான் வேலை செய்கிறது. வேகமாகப் போனால் அடிக்கடி நிற்க வேண்டும். ஸ்டியரிங்கைக் குத்தினேன். அம்மா: "கார் என்ன செய்தது பாவம்."

கோப்பி வாங்கும் இடத்தில் பின்னால் நின்ற கிழவி தன் புருஷனிடம்: "பன்றிக் குளிர்." இந்தச் சனம் எதற்கெடுத்தாலும் பன்றியைக் கூப்பிடும்.

விடிகிறது. வெளியில் வரிசையாகக் காற்றாலைகள், ஒன்றும் அசையவில்லை. வெள்ளைக் கைகளை விரித்தபடி நிற்கின்றன.

"ஏன் பிள்ளை நிக்குது?"

"காத்தில்லை அம்மா."

"அப்ப கரண்ட் எங்கையிருந்து வருது?"

"இண்டைக்குக் கூடுதலாக் கரியிலையிருந்துதான் வரும்."

"கொண்ணனுக்குச் சொல்லாதை. நக்கலாச் சிரிப்பான்."

அம்மாவின் கண்ணுக்குள் தண்ணீர்மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடுகிறதாம். கார் வளையும்போது அதுவும் சரிகிறதாம். வாயு கரைகிறது, நல்ல அடையாளம்.

*

பிரேமன் தாண்டி.

நாலு சார்ஜரில் இரண்டு செத்துப்போய் நின்றன. வரிசை. எனக்கு முன்னால் இரண்டு கார். கணக்குப் பார்த்தால் கப்பல் போய்விடும். இறங்கினேன். சார்ஜரில் நின்ற காரின் பக்கத்தில் நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆள், நாயுடன். இந்த நாட்டில் வரிசையில் இடம் கேட்கிறவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன் எனக்கே தெரியாமல் ஜேர்மனில் கத்திவிட்டேன்: "என் அண்ணா ஒஸ்லோவில் இறந்துகொண்டிருக்கிறார். இரண்டு மணிக்குக் கப்பல்."

வயரைப் பிடுங்கினார், காரைப் பின்னால் எடுத்தார். காத்து நின்ற மற்ற இரண்டு பேரிடமும் போய் ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கையைக் காட்டினார், முன்னுக்கு விடுங்கள் என்று. நாய் மட்டும் குரைத்தது.

வயரைக் கொளுவிவிட்டு உள்ளே வந்து ஏறினேன். அம்மாவின் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கியிருந்தது.

"ஷ்டேர்பன் எண்டு சொன்னனி."

சாவதற்கு ஜேர்மன் சொல்.

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. கீழ் வீட்டு மனிசி போன நேரம் அவவின்ரை மகன் படியிலை நிண்டு அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவன். ஆர், தம்பியோ?"

அம்மாவுக்கு அண்ணா இன்னும் தம்பிதான்.

"ஓம் அம்மா."

"நேற்று அந்தக் கண் டொக்டரிட்டை வைனன் எண்டு அழுறதைப் பற்றிக் கேட்டனி. என்ரை கண்ணுக்காக்கும் எண்டு நினைச்சன்."

முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிற மனுசிக்கு இறப்பதும் அழுவதும் தெரியாது என்று நான் எப்படி நினைத்தேன்? படித்த மடைச்சி.

அம்மா அழவில்லை. கண்ணாடியை ஏற்றச் சொன்னார். "கொண்ணிக்குப் போனை எடு. அவன்ரை காதிலை வைக்கச் சொல்லு."

எடுத்தேன். அண்ணி வைத்தார். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து. அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார், வழக்கம் போலச் சத்தமாக: "தம்பி, அம்மா வாறன். நீ சொல்லி வாங்கின கார்தான் மோனை. சார்ஜிலை நிக்குது. நிறைஞ்ச உடனை வந்திடுவம். இடியப்பம் அவிச்சுக்கொண்டு வாறன். நீ பயப்பிடாதை, என்ன?"

மூச்சு. பிறகு ஏதோ ஒரு சத்தம். "அம்மா" என்றுதான் எனக்குக் கேட்டது. அண்ணியும் அதையேதான் சொன்னார்.

சொல்லியிருந்தால் இதை மூன்று மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம். அம்மா ஒவ்வொரு நாளும் பேசியிருப்பார். உறைப்பைப் பற்றி அல்ல.

*

ஹம்பேர்க் தாண்டியாயிற்று, நோய்முன்ஸ்டரில். முழுதாக ஏற விடாமல் பிரேமனிலிருந்து ஓடி வந்ததால் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. கீல் இனிப் பக்கம். மேகம் கலைந்து வெயில், சூடில்லாத வெயில். நேரம் இருந்தது. முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன்.

சார்ஜரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். அண்ணி சொல்லி முடிக்கவில்லை, முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. நான் சரி சரி என்றேன். எதற்குச் சரி என்றேனோ.

கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணால்.

ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"போயிட்டானோ."

"ஓம் அம்மா."

மடியில் இருந்த இடியப்பப் பெட்டியைத் தூக்கிக் காலடியில் வைத்தார். பிறகுதான் அழுதார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நானும் அழுதேன். பக்கத்துக் காரில் ஒருத்தி சாண்ட்விச் தின்றுகொண்டே எங்களைப் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணாவின் கையை ஒருதரம் பிடித்திருந்தால் போதும் எனக்கு. அம்மாவுக்கும் அது கிடைக்கவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. அம்மா சேலைத் தலைப்பால் கன்னத்தை மட்டும் ஒற்றிக்கொண்டார்.

"கப்பல் இன்னும் நிக்குமோ?"

"நிக்கும். இப்ப வெளிக்கிட்டா பிடிக்கலாம் அம்மா, கெதியா ஓடினா."

"வேண்டாம் பிள்ளை. இனி ஆறுதலாப் போவம்."

சார்ஜ் நிறைந்து பச்சை விளக்கு எரிகிறது. வயரைக் கழற்ற வேண்டும். பின்னால் ஒரு கார் காத்து நிற்கிறது.