தடித்த எழுத்தில் வராதவர்

வியாழன்.

குதிரை விற்பனைப் புத்தகம் வந்திருக்கிறது. விலாசப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எவரும் எடுக்கவில்லை. உறையைக் கிழித்ததும் மை மணம். நீங்கள் செய்வதுபோல நடுவில் விரித்து மூக்கை வைத்தேன். உங்கள் சட்டைகளில் இருந்த மணம். சட்டைகளை உங்கள் அம்மா, மாமி, கொண்டுபோய்விட்டார். மணம் தபாலில் வருகிறது.

மேசையில் வைத்தேன். எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். இந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான். ஒரு பொருளையும் வைத்த இடத்தில் விட முடியவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். உங்கள் தங்கை ஜெனிக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளைப் பொடியனின் பெரியம்மா, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருப்பவர், என்னிடம் விசாரிக்கப் போகிறார். உங்கள் மனைவியாக இரண்டு குளிர்காலம் இருந்தவள் என்பதால் என்னிடம். நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று கேட்பார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் பதில் எழுதப்போவதில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

*

மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட்டில் ஓர் அச்சகத்தில் இந்தப் புத்தகத்தின் பக்கங்களை நீங்கள்தான் வடிவமைத்தீர்கள். ஒரு குட்டிக்கு ஒரு பக்கம். என்ன வேலை என்று கோவிலடியில் எவராவது கேட்டால், "குதிரைக்குச் சாதகம் எழுதிறன்" என்பீர்கள். சாதகம் பார்க்காத கத்தோலிக்கச் சனம் நாங்கள். அதனால்தான் எங்களிடையே விசாரிப்பு இரட்டிப்பு.

பக்கத்தின் தலையில் தகப்பன், தகப்பனின் தகப்பன். கீழே முழுக்கத் தாய்வழி. பெரிய பந்தயம் வென்றவை தடித்த எழுத்தில். சும்மா வென்றவை மெல்லிய எழுத்தில். ஓடாதவை, நொண்டியவை, குட்டியிலேயே செத்தவை பெரும்பாலும் வருவதில்லை. "பக்கம் பொய் சொல்லாது. பேசாமல் இருக்கும்," என்றீர்கள் ஒருநாள், திரையைப் பார்த்தபடி.

எந்தப் பக்கத்தை எடுத்தாலும் கோடு பின்னால் போய்ப் போய்க் கடைசியில் ஹாம்பிள்டோனியன் என்ற ஒரே குதிரையிடம் நிற்கும் என்பீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய குதிரை. நொண்டித் தாய்க்குப் பிறந்தது. தாயையும் குட்டியையும் சேர்த்து ஒரு பண்ணைக் கூலிக்காரன் வாங்கினான். இன்று இந்தக் கண்டத்தில் வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த இரத்தம் இருக்கிறது. நீங்கள் இதைச் சொல்லும்போது பெருமையாகச் சொல்லமாட்டீர்கள். ஏதோ வீட்டுச் செய்திபோலச் சொல்வீர்கள். நொண்டித் தாய் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்பீர்கள்.

*

வெள்ளி.

வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. நமூர் மெட்ரோவில் இறங்கிப் பந்தயத் திடலைச் சுற்றி நடந்தேன். மூடிவிட்டார்கள். வேலிக்குப் பின்னால் புல் வளர்கிறது. வளர விட்டிருக்கிறார்கள்.

பெண் பார்க்க என்னை அங்கேதான் கூப்பிட்டீர்கள். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாம் அக்காதான். அக்கா சேலை கட்டி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலநிலைக்கும் திடலுக்கும் சேர்த்து முகத்தைச் சுளித்தபடி வந்தார்.

"பொம்பிளை பாக்கிற இடமோ தம்பி இது? சூதாடுற இடம்."

"சூதாடேல்லை அக்கா. நான் குதிரை பாக்கத்தான் வாறனான்."

"நாங்கள் ஆளைப் பாக்க வந்தனாங்கள். ஆள் குதிரையைப் பாக்கிறார்."

நான் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தான். நீங்கள் அதைக் கவனித்தீர்கள்.

பந்தயம் தொடங்கியது. இரட்டைச் சில்லு வண்டிகள், அவற்றில் கால் விரித்துச் சாய்ந்திருந்த ஓட்டுநர்கள். இடது கால்கள் இரண்டும் ஒன்றாக, பிறகு வலது கால்கள் இரண்டும் ஒன்றாக. ஒரு பழுப்புக் குதிரை நடை குழம்பிப் பாய்ந்தது. ஓட்டுநர் கடிவாளத்தை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். மற்றவை எல்லாம் தாண்டிப் போயின.

"ஏன் நிப்பாட்டினவன்? அதுதானே கெதியா ஓடினது," என்றார் அக்கா.

"பாயக்கூடாது அக்கா. பாஞ்சா இழுத்துப் பின்னாலை விடவேணும். பாயாமல் எவ்வளவு கெதியா ஓடலாம் எண்டதுதான் பந்தயம்."

"அப்ப அதுக்கு என்னத்துக்குக் குதிரை? மாட்டைப் பூட்டலாமே."

பிறகு அக்கா தன் விசாரிப்பைத் தொடங்கினார். எந்த ஊர், எந்தக் கோவில், தாய்வழி எங்கே. கடைசியில், "அப்பா எப்பிடித் தம்பி காலமானவர்?"

"சொல்லுறன் அக்கா," என்றீர்கள். ஆனால் சொல்லவில்லை. அக்கா கோப்பி வாங்கப் போகும்வரை காத்திருந்தீர்கள். பிறகு இடது காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்:

"முதலே சொல்லிப்போடவேணும். பேந்து நீர் யோசியும்."

சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி. தகப்பனுக்கு இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது. மூளையின் நாளங்களும் சிலருக்குப் பலவீனமாக இருக்கும். தகப்பன் போனது அதில்தான், ஊரில் எல்லோரும் பிரஷர் என்றார்கள். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும், அல்லது வராது. பாதிக்குப் பாதி.

"வீட்டிலை சொல்லவேண்டாம் எண்டினம். நான் ஒவ்வொரு நாளும் அப்பிடிச் சொல்லாமல் விட்டுத்தான் பக்கம் செய்யிறன். குதிரைக்குச் செய்யலாம். உமக்குச் செய்ய ஏலாது."

அக்கா கோப்பியோடு வந்துவிட்டார். நான் அதை வாங்காமல் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். குளிர் என்று சொன்னேன்.

*

அடுத்த கிழமை மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வரவேற்பறையில், மாமியையும் ஜெனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்காவுக்கும் சொன்னீர்கள். அதே காதுமடல். அதே தொடக்கம்.

மாமி எழுந்துவிட்டார். "செத்த மனுசனை ஏன்டா சபையிலை இழுக்கிறாய்?"

ஜெனி எழவில்லை. அவள் சொன்னதுதான் இந்தக் கிழமை முழுவதும் எனக்குக் கேட்கிறது. "அண்ணை, நீ உன்ரை கலியாணத்துக்கு என்ரை ரத்தத்தையும் சேத்துக் கதைச்சுப்போட்டாய். என்னட்டை ஒருக்கால் கேட்டனியே?"

நீங்கள் காதுமடலை விட்டுக் கையை மடியில் வைத்தீர்கள்.

அக்கா தேத்தண்ணித் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ. இந்தக் கதை இந்தச் சுவருக்கு வெளியிலை போகாது," என்றார். போகவும் இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இனி வேறை ஆளைப் பாப்பம்."

"இவர்தான் அக்கா."

"விசரோ உனக்கு?"

"ஓம்."

உண்மையில் அது விசர் இல்லை. நோய் வருத்தம் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைத்தேன். சொல்கிற ஆள் எல்லா வீட்டிலும் இல்லை. சொல்லாத ஒருவரோடு இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

*

பிள்ளை வேண்டாம் என்றீர்கள். நான் பார்க்கலாம் என்றேன். அந்தச் சண்டையில் நீங்கள் காம் ஃபெல்லாவை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். இந்த நாட்டுக்காரர் வைத்திருந்த குதிரை, உங்கள் செல்லம். தோற்கத் தெரியாத ஓட்டம். பொலிக்குதிரையாக விட்ட பிறகு நோய் வந்து காயடிக்கவேண்டியதாயிற்று. பின்னர் ஊர் ஊராகத் திடல்களுக்குக் கூட்டிப்போனார்கள். சனம் வரிசையில் நின்று அதன் முகத்தைத் தடவியது.

"பரம்பரை நிண்ட பிறகும் சனம் வந்தது பாரும்," என்றீர்கள்.

"அதுக்கு முதலே அதுக்கு எத்தினை பிள்ளையள்! காம்லக், காம்பெஸ்ட் எண்டு நீங்கள்தானே அரைப் புத்தகத்துக்கு அடிக்கிறியள்."

கொஞ்சம் யோசித்தீர்கள். "ஓம். அது ஒரு வித்தியாசம்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சண்டை முடியவில்லை. முடிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். மார்ச் மாதத்தில் ஒரு காலை, அச்சகத்தில், தலை இடிக்கிறது என்று சொல்லி மேசையில் சாய்ந்தீர்கள். திரையில் பாதிப் பக்கம் இருந்ததாம். மீதியை வேறு யாரோ செய்தார்கள்.

செத்தவீட்டில் மாமி எல்லோருக்கும் பிரஷர் என்றார். நான் மறுக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவரிடம் அன்று என்ன சொல்ல முடியும்.

*

சனி.

மாமி போன ஞாயிறு பூசை முடிந்து கோவிலின் கீழ்த்தளத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னது இது: "பிரஷர் எண்டு சொல்லு பிள்ளை. பொய்யே அது? அவனுக்குப் பிரஷர் இருந்ததுதானே."

இருந்தது. அந்த நோய்க்கு அதுவும் உண்டு. பொய் இல்லை. மாமி நல்ல பக்கம் செய்வார். நீங்கள் அவருடைய பிள்ளை.

ஜெனி இன்னும் ஸ்கான் செய்து பார்க்கவில்லை. நீங்கள் இருக்கும்போது கெஞ்சினீர்கள், மாட்டேன் என்றாள். இப்போது இந்தப் பொடியனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவன் பெயர் சொல்லும்போது குரல் ஒரு படி மேலே போகிறது. கவனித்திருக்கிறேன்.

நான் உண்மையைச் சொன்னால் அவளுடைய இரத்தத்தை அவளிடம் கேட்காமல் கதைத்தவளாவேன். சொல்லாவிட்டால் உங்களை ஓடாத குட்டியைப்போல விட்டுவிட்டுப் பக்கம் முடிப்பேன். எழுந்து நடக்கிறேன். சமையலறை, யன்னல், சமையலறை. புத்தகத்தை விரிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் எவை இல்லை என்று தேடுகிறேன். இல்லாததைத் தேடுவது எப்படி என்று நீங்கள் சொல்லித்தரவில்லை.

பின்னேரம் ஜெனிக்குக் கோல் எடுத்தேன்.

"நாளைக்கு இஞ்சை வா. பொடியன்ரை பெரியம்மா கோல் எடுக்கேக்கை நீ இருக்கவேணும்."

"நான் என்னத்துக்கு அண்ணி? உங்களைத்தானே கேக்கப்போகினம்."

"என்னட்டைக் கேக்கிறது உன்னைப் பற்றித்தான்."

அவள் வேலை செய்யும் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், கற்றுக்கொண்ட ஏதோ பிள்ளைப் பாட்டை முணுமுணுத்தாள். பயந்தால் அப்படித்தான். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சரி. வாறன். சொல்லுவன் எண்டு நினையாதேங்கோ."

*

ஞாயிறு.

வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. புத்தகத்தைப் பார்த்து, "இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?" என்றாள். பிறகு அவளே எடுத்து மூக்கில் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.

தொலைபேசி அடித்தது.

பெரியம்மா அன்பாகத்தான் பேசினார். சுகம் கேட்டார், குளிரைத் திட்டினார். பிறகு, "குறை நினையாதை பிள்ளை, கேக்கவேண்டியதைக் கேக்கவேணும்தானே. உன்ரை மனுசன் இளம் வயசு. முதலே ஏதும் வருத்தம் இருந்ததோ?"

பிரஷர் என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. முழு உண்மையும் தயாராக இருந்தது. இரண்டில் ஒன்று பாய்ந்து வெளியே வரப் பார்த்தது. நான் கடிவாளத்தை இழுத்தேன்.

"இருந்தது. ஆனா அது ஜெனியின்ரை குடும்பத்துக் கதை. அவ பக்கத்திலை நிக்கிறா. அவவையே கேளுங்கோ."

தொலைபேசியை நீட்டினேன். ஜெனி என்னை அடிக்கப்போகிறவள்போலப் பார்த்தாள். வாங்கவில்லை. பெரியம்மா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது இருவருக்கும் கேட்டது. வாங்காமலே போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் தடுப்பதில்லை என்றும் நினைத்தேன்.

வாங்கினாள். இடது காதுமடலை இழுத்தாள். தெரிந்து செய்யவில்லை.

"முதலே சொல்லிப்போடவேணும். பேந்து நீங்கள் யோசியுங்கோ."

எல்லாம் சொன்னாள். தகப்பன், நீங்கள், நாளங்கள், பாதிக்குப் பாதி. "எனக்கு இருக்கோ எண்டு தெரியாது. பாக்கப் பயம். இனிப் பாப்பன். உங்கடை பெறாமகனுக்கு நீங்கள் சொல்லவேண்டாம், நான் சொல்லுறன்." குரல் நடுங்கியது. ஆனால் நடை குழம்பவில்லை.

பிறகு பெரியம்மா, "நல்லது பிள்ளை. நாங்கள் பேந்து எடுக்கிறம்."

வைத்துவிட்டாள். கோட்டோடு தரையில் இருந்தாள்.

"பேந்து எண்டா இல்லை எண்டுதானே அண்ணி?"

"தெரியாது. அக்காவும் என்னட்டை வேறை ஆள் பாப்பம் எண்டவ."

அழுதாள். நடுவில் சிரித்தாள். "அண்ணைக்கு நான் அண்டைக்குச் சொன்னது... அவன் மனசிலை வைச்சிருந்தவனோ?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். "நீ சொன்னது சரி எண்டுதான் வைச்சிருந்தவர்." நீங்கள் அப்படி என்னிடம் சொன்னது கல்யாணத்துக்கு முதல் நாள். இன்றுதான் அவளிடம் சேர்த்தேன்.

டொக்டரிடம் போகும்போது நானும் வரவேண்டும் என்றாள். வருவேன். பஸ் தரிப்பிடம்வரை நடந்தோம். அந்தப் பொடியனின் பெயரைச் சொன்னாள். குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. ஆனால் சொன்னாள்.

திரும்பி வந்து உங்கள் புத்தகத்தை விரித்தேன். உங்களுக்கு ஒரு பக்கம் இருந்திருந்தால் உங்களுக்குப் பின் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று காதுமடலைப் பிடித்த ஜெனியின் கையைப் பார்த்த பிறகு அப்படி எழுத முடியாது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நடந்தது மாமிக்குத் தெரியாது. வேறு வாயிலிருந்து தெரியவரும் முன் நான் போகவேண்டும். கோபிப்பார். கதவைச் சாத்தினாலும் சாத்துவார். பஸ்ஸில் போகும்போது பாய்ந்து சொல்லிவிடாமல் இருக்க உங்கள் வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு போவேன். கதவு திறந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே சொல்வேன்.

முதலே சொல்லிப்போடவேணும், மாமி.