வினாடிக்குப் பதினைந்து படம்

மார்ச் 4

தம்பிக்கு,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்திருப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், கடைசியில் என்ன விஷயம் என்பதே மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அம்மாவின் வீடியோக்கள் வந்தன. ஆசையாக ஆன்லைனில் இருக்கும் என் போட்டோ லைப்ரரியைத் திறந்தேன். எல்லாமே பிப்ரவரி பதினொன்று! அம்மா நமக்குத் தலை வாரிவிடுவதும் அதே நாள், மூக்குக் கண்ணாடி போட்டு நரைத்துப்போய் உட்கார்ந்திருப்பதும் அதே நாள். நீ உட்கார்ந்து கோப்புகளை மாற்றிய தேதியை அம்மாவின் ஆயுள் முழுக்க ஒட்டிவைத்திருக்கிறாய்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். சமையலறை வீடியோவைப் போட்டேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று கையால் ஏதோ சொல்கிறாள், நீ விழுந்து விழுந்து சிரிக்கிறாய். என்ன சொல்கிறாள்? தெரியவில்லை. மணிக்கட்டு வரை அம்மா இருக்கிறாள், அதற்கு மேல் கலங்கல். எல்லா வீடியோவிலும் இதே கதைதான்.

அசல் கோப்புகள் எங்கே? ஒன்றையும் தொடாமல் அவை இருக்கும் டிஸ்க்கை அப்படியே அனுப்பு.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் "அன்புள்ள" போட்டிருக்கிறேன், நீயும் கவனித்துக்கொள்.

அந்தப் பழைய கேமரா கோப்புகளை உன் அருமை லைப்ரரி உள்ளேயே விடவில்லை. போட்டால் "இந்த வகையை ஏற்க முடியாது" என்று துப்பியது. இருந்த ஒரே லீவையும் அதற்குத்தான் கொடுத்தேன். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பிடித்து, 'சிறிய அளவு' என்று போட்டு, ஒவ்வொன்றாக மாற்றினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்த என்னைச் சொல்லவேண்டும்.

என்ன கெட்டுப்போயிற்று? முகம் தெளிவாக இருக்கிறது. சத்தம் அச்சு அசலாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கிறது. டிஸ்க் இப்போது இல்லை. எல்லாம்தான் மாற்றியாயிற்றே என்று அழித்துவிட்டு, நான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் கார்களில் பதிவாகும் வீடியோக்களை அதில் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்த பிறகு தூக்கி உட்காரவைத்தது யார், குளிப்பாட்டியது யார்? நீ எல்லாம் முடிந்த பிறகு வந்தாய், நான்கு நாள் அழுதாய், போனாய். தரத்தைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்காதே.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

கண்ணை மூடிக்கொள்ளாமல் முழுசாகப் படி. நம் வீட்டில் கண்ணை மூடினால் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி என்று உனக்குத் தெரியும்.

சத்தம் நன்றாக இருக்கிறதாம்! அம்மாவுக்கு ஏதடா சத்தம்? பிறந்ததிலிருந்து காது கேட்காதவள், ஒரு வார்த்தை வாயால் பேசாதவள். அவள் குரல் விரலில் இருந்தது. நீ குழாய்ச் சொட்டைக் காப்பாற்றி அம்மாவின் குரலை அழித்திருக்கிறாய்.

நானும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். வினாடிக்கு முப்பது படம் இருந்ததை உன் 'சிறிய அளவு' பதினைந்தாக்கியிருக்கிறது, இரண்டு படத்தைக் குழப்பி ஒன்றாக்கியிருக்கிறது. சும்மா இருக்கும் முகம் தப்பிக்கும், ஓடுகிற விரல் தப்பிக்காது. படத்தைத் தொடவே வேண்டியதில்லை. உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து, லைப்ரரி ஏற்கிற வேறு உறையில் போட்டிருந்தால் போதும். சட்டையை மாற்றச் சொன்னால் நீ தோலை உரித்திருக்கிறாய். அம்மா இருந்த இடத்தில் இப்போது யாரோ ரிவர்ஸ் எடுத்து கேட்டில் இடித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி வீடியோவை, அம்மா எனக்காகப் படுக்கையிலிருந்து பேசியதை, நான் இதுவரை பார்க்கவில்லை. நீ அன்றைக்கே அனுப்புகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன். பார்க்கத் தைரியம் இல்லை. தைரியம் வரும்போது பார்க்கலாம், அது எங்கே ஓடிப்போகிறது என்று இருந்தேன். நேற்றுப் பார்த்தேன். காது மடலைத் தொடுகிறாள். அது நான், அவள் எனக்கு வைத்த பெயர். அதற்குப் பிறகு வெறும் கலங்கல். முடிவில் களைத்துப்போய்க் கண்ணை மூடுகிறாள். அது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

யாரிடம் காட்டிக் கேட்பேன்? பாதி அவள் பள்ளிக்கூடத்துச் சைகை, பாதி நாம் மூன்று பேரும் வீட்டில் உண்டாக்கியது. அப்பாகூடக் கடைசிவரை பேப்பரில் எழுதிக் காட்டித்தான் குடும்பம் நடத்தினார்.

இனி எனக்கு எழுதாதே. சண்டை முற்றினால் அம்மா என்ன செய்வாளோ அதை நான் செய்கிறேன். விளக்கை அணைக்கிறேன்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். விளக்கை அணைத்தால் போய்ப் போட்டுவிட்டு மறுபடியும் சண்டை பிடிக்கிறவன்தானே நான்.

அழிந்ததை மீட்டுத் தரும் இரண்டு கடைகளுக்கு டிஸ்க்கைக் கொண்டுபோனேன். மேலே வேறு வீடியோ எழுதியாயிற்று, ஒன்றும் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். சமையலறை வீடியோவை நானும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். எதற்காக அப்படிச் சிரித்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனால் கடைசி வீடியோவில் கேமராவைப் பிடித்திருந்தவன் நான். அம்மா சொன்னதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஏனென்றால் நல்ல வார்த்தை இல்லை. அன்றைக்கே அனுப்புகிறேன் என்றது என் வீராப்பு. நீ வேண்டாம் என்றதும் தப்பித்தேன் என்று விட்டுவிட்டேன்.

நான்தான் இன்னொரு கையால் கெஞ்சினேன், "அக்காவுக்கு ரெண்டு வார்த்த சொல்லும்மா, அனுப்பறேன்" என்று. அவள் காது மடலைத் தொட்டு உன் பெயரைச் சொன்னாள். அப்புறம் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அவ வரட்டும்" என்றாள். கேமராவைக் காட்டி, "இந்த டப்பாகிட்ட நான் ஏன் சொல்லணும்? எம் பொண்ணு வந்தா அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன்." அவ்வளவுதான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு இல்லை அக்கா, கோபம். பேச்சு முடிந்தது என்று மூடினாள். நான் கேமராவை அணைத்தேனா என்று பார்க்க ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

என்னைத் திட்டு. ஆனால் நடுவில் எழுந்து போகாதே.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கண்ணைத் திறக்கத்தான் செய்கிறாள், திருட்டுத்தனமாக. முதல் தடவை அழுதுகொண்டே பார்த்ததில் எனக்கு அது தெரியவில்லை. உன் கைங்கரியத்திலிருந்தும் அது தப்பித்திருக்கிறது.

எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் அப்போது சொன்னேன். அதையே மறுபடி சொல்லவந்தேன், சொல்லவில்லை. அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

உன் மேல் இருக்கும் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. என் அம்மாவின் ஒரு வாக்கியம்கூட முழுசாக என்னிடம் இல்லை. அதற்கு நீதான் காரணம். ஆனால் எழுத்தில் நீ எழுதியதை நான் நம்பமாட்டேன். "அவ வரட்டும்" என்பதை அம்மா இரண்டு விதமாகச் சொல்வாள். விரலை விறைப்பாக வைத்தால் திட்டு, வளைத்தால் ஆசை. எந்த மாதிரி வைத்தாள் என்று நீ எழுதவே இல்லை, மடையா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடு. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். வாயைத் திறக்காதே. அம்மா சொன்னதை அவள் சொன்ன வேகத்தில் அப்படியே கையால் சொல். பிறகு நான் உன்னைத் திட்ட ஆரம்பிப்பேன், அதையும் கையால்தான். எனக்கு அந்தப் பாஷையில் சண்டை போட உன்னை விட்டால் இனி ஆள் கிடையாது.

விளக்கைப் போட்டுவிட்டேன்.

அக்கா