அக்காவின் குரலுக்கு ஒரு லைப்ரரி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று நான்கு பெயர்ப் பலகைகள் முடிந்தன. பல் மருத்துவர் நேரில் வந்து தன் பெயரை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் பெயரைவிட அரை அங்குலம் சின்னதாம். மாற்றிக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு அக்கா கடைக்கே வந்தாள். வேலை நேரத்தில் அவள் வந்ததே இல்லை. நின்றபடியே சொன்னாள்: "இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்." பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அறிவிப்பு செய்கிறவள். எதைச் சொன்னாலும் அப்படித்தான் வரும், நாள், கிழமை, மணி என்று.

குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். கட்டி பரவாமல் இருக்க வேறு வழி இல்லையாம். உயிருக்குப் பயமில்லை, பேச்சு வராது.

நிலைய அதிகாரி இப்போதே அவளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார். தொலைந்த பொருள் அறை. "தொலைஞ்சு போன குடைக்கு நடுவுல நானும் உக்காரணுமாம்" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

கடை முழுக்க இதே யோசனை. அவள் சொல்வதையெல்லாம் இப்போதே பதிவு செய்துகொண்டால்? கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் அவள் குரலே பேருந்தைக் கூப்பிட்டால்? அவள் அதே கண்ணாடி அறையில், அதே நாற்காலியில் இருக்கலாம்.

எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது எழுத்து வரைவது மட்டும். வயது நாற்பத்தொன்று. இருபத்திரண்டு நாள் இருக்கிறது. செய்தே தீருவேன்.

மார்ச் 6, வியாழன்

மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணையத் தளத்தில் சேர்ந்து ஒரே மூச்சில் ஏழு கேள்வி போட்டேன். டெஸ்க்டாப் மென்பொருள் எழுத எந்த மொழி நல்லது? எத்தனை நாளாகும்? கணக்கு தெரிய வேண்டுமா? இப்படி.

'அரைத்தூக்கம்' என்ற புனைபெயரில் ஒருவர் பதில் போட்டிருந்தார். "எங்க போகணும்னு சொல்லாம எந்த வண்டி நல்லதுன்னு கேக்கறீங்க. முதல்ல ஒரு விண்டோ, அதுல ஒரு பட்டன், அமுக்கினா ஒரு சத்தம். அது வந்ததும் வாங்க."

என்ன திமிர்! ஆனால் மற்ற பதில்களைவிட இதுதான் புரிந்தது.

மார்ச் 8, சனி

வந்துவிட்டது! பட்டனை அமுக்கினால் அக்கா "நடைமேடை ஐந்து" என்கிறாள். அக்கா வீட்டில் உட்கார்ந்து முப்பது தடவை அமுக்கியிருப்பேன். அவள் வீட்டுக்காரர், என் மாமா, பக்கத்து அறையிலிருந்து, "அஞ்சாவது நடைமேடைக்குத்தான் போறேன், விடும்மா" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

என் அறியாமையை என்ன சொல்ல. ஒவ்வொரு அறிவிப்பையும் முழு வாக்கியமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். நாற்பத்தாறு பேருந்துத் தடங்கள், எட்டு நடைமேடைகள், தாமதம், ரத்து, நடைமேடை மாற்றம். எழுபதாவது வாக்கியத்தில் அக்கா குரல் கரகரத்துவிட்டது. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கில் போனால் ஆறு மாதம் ஆகும்.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் என்ன ஒவ்வொண்ணையும் முழுசாவா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்? துண்டு துண்டாத்தான் வாயில வரும். துண்டை மட்டும் எடுத்துக்கோ."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

துண்டுகளாகப் பதிவு செய்கிறோம். எண்கள், இடப் பெயர்கள், 'வழியாக', 'புறப்படும்', 'தாமதமாக'. 'ஐந்து' முடிந்தது என்று அடுத்ததற்குப் போனேன். அக்கா நிறுத்தினாள். "நடுவுல வர்ற அஞ்சு வேற, கடைசில வர்ற அஞ்சு வேற. நடுவுல குரல் மேல நிக்கணும். கடைசில இறங்கி உக்காரணும். ஒண்ணையே ரெண்டு இடத்துலயும் போட்டா, ஜனங்க இன்னும் ஏதோ சொல்லப் போறான்னு நின்னுட்டே இருப்பாங்க."

ஒவ்வோர் எண்ணையும் இரண்டு விதமாகப் பதிவு செய்தோம். பத்தொன்பது வருடமாக அந்த ஒலிபெருக்கியைக் கேட்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

மார்ச் 13, வியாழன்

அக்காவுக்குத் தொண்டை வலி. பதிவு இல்லை. அழுகை வந்தது. உட்கார்ந்து கோட் எழுதினேன்.

மார்ச் 15, சனி

இன்று நன்றாக மூக்குடைபட்டேன்.

நாற்பத்தாறு தடங்களுக்கு நாற்பத்தாறு பட்டன். ஒரு பட்டனுக்கு எழுதிய வரிகளை அப்படியே நகல் எடுத்து மற்ற நாற்பத்தைந்திலும் ஒட்டியிருந்தேன். கடையில் பழகிய பழக்கம் அது: பழைய பலகையின் ஃபைலை நகல் எடு, பெயரை மாற்று, முடிந்தது. அக்கா கேட்டுவிட்டு, நடைமேடை எண்ணுக்கு முன்னால் இடைவெளி அதிகம், குறை என்றாள். ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், ஆனால் நாற்பத்தாறு இடத்தில். மாற்றினேன். மூன்றை விட்டுவிட்டேன். விட்டது போதாதென்று, துறைமுகப் பேருந்தில் ஒட்டிய வரி மாறி, மருத்துவக் கல்லூரி என்று கூப்பிட்டது. "கப்பல் ஏறப் போனவன் ஊசி போட்டுக்கிட்டு வருவான்" என்றாள் அக்கா.

அரைத்தூக்கத்திடம் கேட்டேன். "ஒரே வேலைய ரெண்டாவது இடத்துல ஒட்டும்போதே கை கூசணும். அத எடுத்துத் தனியா ஒரு லைப்ரரில வைங்க" என்றார். லைப்ரரி என்றால் பெரிய ஆட்கள் எழுதி வைத்தது இல்லையா, நானே எழுதலாமா என்று கேட்டேன். "யார் எழுதினா என்ன? பல புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்தற மாதிரி ஒரு இடத்துல எழுதி வெச்சா அது லைப்ரரி. அதுக்குப் பதவி எல்லாம் தேவையில்ல."

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். எங்கள் கடையில் எழுத்து வடிவங்களை ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். 'அ' ஒரே ஒரு தடவைதான் வரைந்தது. எல்லாப் பலகைக்கும் அதையே எடுக்கிறோம். தினமும் செய்கிற காரியம் இது, எனக்கு உறைக்கவில்லையே!

மார்ச் 16, ஞாயிறு

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மனசு கேட்கவில்லைதான். ஒட்டியது ஒட்டியதாக இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் முரண்டு பிடித்தேன். பிறகு அழித்தேன்.

இப்போது லைப்ரரிக்கு ஒரே வேலை. சொற்களின் பட்டியலைக் கொடுத்தால், சரியான இடைவெளி விட்டு, நடுவில் வரும் எண், கடைசியில் வரும் எண் பார்த்து, கோத்துப் பேசும். பேருந்து என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. பட்டன், தடம் எல்லாம் வெளியே, இன்னொரு புரோகிராமில். இடைவெளியை ஓரிடத்தில் மாற்றினேன். நாற்பத்தாறும் மாறியது.

மார்ச் 19, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

செய்ததை ஓட்டிக் காட்ட நிலைய அதிகாரி அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். பென் டிரைவைச் செருகினேன். புரோகிராமை இரண்டு தட்டு தட்டினேன். ஏதோ ஒரு ஃபைல் காணவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி பெட்டி. வீட்டில் ஓடியதே! காலையில்கூட ஓடியதே!

அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் கஷ்டம். "பரவாயில்லம்மா, ஆசைப்பட்டு செஞ்சிருக்கீங்க" என்றார். தொலைந்த பொருள் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று வேறு சொன்னார். சனிக்கிழமை வரை அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலில் விழாத குறை.

 வரும் வழியில், பேருந்தில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20, வியாழன்

அரைத்தூக்கத்தின் முதல் கேள்வி: "எரர் பெட்டில என்ன எழுதியிருந்துச்சு, முழுசா படிச்சீங்களா?" படிக்கவில்லை. பயத்தில் மூடிவிட்டேன். நினைவில் இருந்ததைச் சொன்னேன். புரோகிராமை மட்டும் எடுத்துப் போயிருக்கிறேன். அது கூப்பிடும் லைப்ரரி ஃபைல் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பல் செட்டை வீட்டில் வைத்துவிட்டு விருந்துக்குப் போன கதை. இன்னொன்று, குரல் ஃபைல்களை என் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரியைப் போட்டே தேடச் சொல்லியிருந்தேன். நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு என் வீட்டு முகவரி எப்படித் தெரியும்?

"என் மெஷின்ல ஓடுதேன்னு சொல்லாத ஆள் இந்தத் தொழில்ல கிடையாது. இனி நீங்களும் நம்ம ஆள்" என்று எழுதியிருந்தார். முதல் தடவையாக அந்த மனிதரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்தேன். கடை முதலாளியின் கம்ப்யூட்டரில், மாமாவின் பழைய லேப்டாப்பில், மருந்துக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். மருந்துக் கடையில் துறைமுகப் பேருந்தைக் கூப்பிட்டதும் வரிசையில் நின்ற ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

மார்ச் 22, சனி

அக்கா கண்ணாடி அறையில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினாள். வாயைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் அவளே பேசினாள். அதிகாரி வெளியே போய்ப் பயணிகளோடு நின்று கேட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வித்தியாசமே தெரியவில்லை அவர்களுக்கு. நான்காம் நடைமேடை என்றதும் ஒரு பெண் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதிகாரி உள்ளே வந்து, "இந்த நாற்காலி உங்களுக்குத்தான். எழுத்துல கொடுத்துடறேன்" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

நாளை மாலை மருத்துவமனையில் சேர வேண்டும். பதிவு எல்லாம் முடிந்தது என்று மைக்கைச் சுருட்டினேன். மாமா வாசலில் நின்று கேட்டார்: "வீட்டுக்கு?"

எனக்குப் புரியவில்லை. "பஸ்ஸுக்கு எல்லாம் ஆச்சு. வீட்டுல எங்ககூட எப்படிப் பேசுவா?"

மூன்று வாரமாக ஒவ்வொரு எண்ணையும் இரண்டு விதமாகச் சேகரித்தேன். என் பெயரைச் சேகரிக்கவில்லை. என் மேலேயே வந்த ஆத்திரத்தோடு, சுருட்டிய மைக் கம்பியைப் பிரித்தேன். இனி எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா என்று ஒரு கணம் பதறினேன். தேவையில்லை. லைப்ரரிக்குத்தான் பேருந்து தெரியாதே. வீட்டுக்கு ஒரு புது விண்டோ போதும், பேசுவதை அது பார்த்துக்கொள்ளும்.

மருத்துவர் சொன்ன அரை மணி நேரம்தான் இருந்தது. அக்கா 'ஆமா' மட்டும் ஐந்து விதமாகச் சொன்னாள். ஒத்துக்கொள்ளும் ஆமா, நம்பாத ஆமா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ஆமா, வாயை மூடு என்கிற ஆமா, ஐந்தாவது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. 'என்னங்க' மூன்று விதம். மூன்றுக்கும் மாமா "ம்" என்றார், மூன்றும் பதிவில் விழுந்துவிட்டது. "முடியாது", "எனக்குத் தெரியும்", "நீ செஞ்சது தப்பு". பாசமாக ஏதாவது சொல்லேன் என்றேன். "அதெல்லாம் கண்ணாலயே சொல்லிக்கலாம், திட்டறதுக்குத்தான் குரல் வேணும்" என்றாள்.

சிரித்துக்கொண்டே அழுதேன். மறைக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஆறரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள். லேப்டாப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். நான் ஒரு தடவை பட்டனைத் தட்டிக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் குரல், அவள் இல்லாமல். நான் அப்படித் தட்டியிருக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு வருத்தம்தான். யாருக்காகச் செய்தேன்? அவளுக்காகவா, எனக்காகவா?

லேப்டாப்பை மூடாமல் அவள் கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

மாமா மருந்தைக் கொடுத்துவிட்டு, "கசக்காது, குடி" என்றாராம். லேப்டாப்பிலிருந்து "ஆமா" என்று வந்ததாம். நம்பாத ஆமா. மாமா போன் செய்து சொன்னார். 

மே 6, செவ்வாய்

அக்கா வேலையில் சேர்ந்தாள். நிலையத்தில் நின்று கேட்டுவிட்டு நான் கடைக்குத் தாமதமாகப் போனேன்.

மே 18, ஞாயிறு

அக்காவோடு பெரிய சண்டை.

புதுத் தடம் ஒன்று வருகிறது, புறவழிச்சாலை வழியாக. அந்தச் சொல் பதிவில் இல்லை. நம் இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரிதானே, நான் சொல்லிப் பதிவு செய்கிறேன் என்றேன். "முடியாது" என்று அமுக்கினாள். 'புறப்படும்' என்பதிலிருந்து 'புற', 'வழியாக' என்பதிலிருந்து 'வழி', 'கடற்கரைச்சாலை'யிலிருந்து மிச்சம், வெட்டி ஒட்டு என்று எழுதிக் காட்டினாள். ஒட்டுப் போட்டது அசிங்கமாகத் தெரியும் என்றேன். "எனக்குத் தெரியும்." எனக்கும் தெரியும், நான்தான் எழுதினேன் இந்தப் புரோகிராமை என்று கத்தினேன். "நீ செஞ்சது தப்பு." எது தப்பு என்றேன். "எனக்குத் தெரியும். முடியாது. முடியாது." நான் பேசி முடிக்குமுன் அமுக்குகிறாள், நானும் விடவில்லை.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமா பொறுக்க முடியாமல் கத்தினார்: "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? நியூஸ் ஒண்ணும் காதுல விழல!"

நான் நிறுத்திவிட்டேன். அக்கா லேப்டாப்பின் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.