வெள்ளை விரித்து வைத்த லெப்டொப்

786
கல்முனைக்குடி
10.07.2011

அன்பு மகன் றிம்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி நதீராவும் அல்லாஹ்ட காவலில சுகமா இருக்கிறம் எண்டு எழுதத்தான் வேணும், எழுதிட்டன். உன்ட சுகத்தைக் கேட்கத் தேவையில்லை, கண்ணாலயே கண்டன், கன்னமெல்லாம் நல்லா இருக்கு. போனில கதைக்கலாம்தானே, ஏன் கடுதாசி எண்டு யோசிப்பாய். நான் தங்கச்சிட நிக்காஹ் எண்டு வாயெடுத்ததும் உனக்கு லைன் தெளிவில்லாமப் போகுதே, அதுதான். லீவு முடிஞ்சு கட்டாருக்குத் திரும்புற உன்ட கூட்டாளியிட கையில குடுத்து விடுறன், பாதியில மடிச்சு வைக்காம முழுக்க வாசி.

போன மாதம் இருபத்திநாலாம் திகதி எங்கட பக்கத்தில நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது, அதால சொல்லுறன். வாப்பா இல்லாத புள்ளைக்குக் கூடப்பிறந்த காக்கா நீதான் வொலியா, பொறுப்பாளியா நிண்டு கையளிக்கணும். நீ லீவு இல்லை எண்டாய். மக்கீன் மாமா என்ட தம்பி, உம்மா வழி ஆள், தானா வொலியா நிற்க ஏலாது. பள்ளி லெப்பை பெரிய மனசு பண்ணி, மகன் சாட்சிக்காரர்ட முகத்தைப் பார்த்து என்ட இடத்தில மாமாவை வைக்கிறன் எண்டு ஒரு வசனம் சொன்னாப் போதும் எண்டார். அதுக்குத்தான் நீ புதுசு வாங்கினதும் எங்களுக்குத் தள்ளிவிட்ட அந்தப் பழைய லெப்டொப்பை எடுத்தம். நீ இருக்க வேண்டிய இடமல்லவா எண்டு நான்தான் நடு ஹோலில புதுப்பாய் போட்டு, வெள்ளை விரிச்சு, மாப்பிள்ளைக்கு எண்டு தைச்ச வெல்வெட் தலையணையை வச்சு, அதுக்கு மேல லெப்டொப்பைத் தூக்கி வச்சன். பக்கத்தில வீடியோக்காரர்ட ரெண்டு பெரிய பல்பு, வெளியில கச்சான் காத்து நெருப்பா அடிக்குது. உன்ட முகம் வந்ததும் அறைக்குள்ள இருந்த பொம்பிளைகள் குரவை போட்டாங்க. லெப்பை கேட்டார், நீ வாயைத் திறந்தாய், படம் அப்படியே நிண்டுட்டு. கால் மணித்தியாலம் ஐம்பது பேர் உன்ட திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தம். உன்ட போனுக்கு எடுத்தா அதுவும் நிப்பாட்டிக் கிடக்குது. காதில விழாத வார்த்தைக்கு நான் சாட்சி எழுத ஏலாது எண்டு லெப்பை எழும்பிட்டார். சாய்ந்தமருதில இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் புரியாணியைத் தொடாமலே போனாங்க. அண்டைக்கு எங்கட ஒழுங்கையில வீடு வீடா எங்கட புரியாணிதான், வாங்கின ஒருத்தரும் என்ட முகத்தைப் பார்க்கல்ல. நதீரா மருதாணிக் கையோட சட்டி பானை கழுவினாள்.

அடுத்த நாள் நீ போன் எடுத்து, அது பழசு உம்மா, தூக்கி எறியுங்க, புதுசு அனுப்புறன் எண்டாய். பழசை எறியிறதெண்டா முதல்ல என்னையல்லவா எறியணும். நான் அதைக் கொண்டுபோய் பாண்டிருப்பு நல்லரெத்தினத்திட்ட குடுத்தன், பஸாரில கொம்பியூட்டர் திருத்துற மனிசன். என்ட கண்ணுக்கு முன்னால கழட்டிக் காட்டினார். உள்ளுக்க இருக்கிற சின்ன விசிறி தூசும் நூலும் கடல் மண்ணும் சேர்ந்து அடைச்சுக் கிடந்தது. ப்ரொசெசருக்கு மேல பூசுற பசை காய்ஞ்சு பொருக்காகிட்டாம். சூடு கூடினா இது எரிஞ்சு போகாம இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும் அக்கா, கீழ இருக்கிற காத்து வாசலை நீங்க தலையணையால அடைச்சா அது என்ன செய்யும் எண்டு கேட்டார். எனக்கு அந்தக் கடையிலயே அழுகை வந்துட்டு. மரியாதை எண்டு நினைச்சு நான்தான் என்ட புள்ளையிட நிக்காஹ்வைக் கெடுத்தேனோ எண்டு. அவர் விசிறியைத் துப்புரவாக்கிப் புதுப்பசை பூசி, ரேம் ஒண்டும் கூட்டிப் போட்டார். திறக்கிற நேரமே தானா ஓடத் தொடங்குற பதினேழு புரோகிராமை நிப்பாட்டினார், எல்லாம் நீ போட்டு வச்சதாம். பெற்றறியை மிச்சம் பிடிக்க எண்டு நீயே வேகத்தைப் பாதியாக் குறைச்சு விட்டிருந்தாயாம், அதையும் முழுசாக்கி விட்டார். இன்னும் நாலு வருசம் உழைக்கும் எண்டார். இப்ப அதை மேசையில வெறும் பலகையில வச்சு, காத்து போகட்டும் எண்டு நாலு மூலைக்கும் சோடா மூடி குடுத்திருக்கம். நதீரா தட்டிப் பார்த்துட்டு, உம்மா இது அதே லெப்டொப்தானா எண்டு கேட்டாள்.

போன வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு உன்னை லெப்டொப்பில எடுத்தம். படம் கிணத்துத் தண்ணி மாதிரித் தெளிவு, நாடியில நீ சவரம் செய்யக்க வெட்டின கீறல்கூடத் தெரிஞ்சது. சாப்பாடு, அங்கத்தச் சூடு எண்டு நல்லாத்தான் கதைச்சாய். பிறகு நான், நோன்புக்கு முதல், வாற இருபத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை திரும்ப நாள் வச்சிருக்கம், லெப்பையும் வருவார், இந்தமுறை சொல்லுவாய்தானே மகன் எண்டு கேட்டன். நீ அப்படியே நிண்டுட்டாய். கண் வெட்டல்ல, வாய் பாதி திறந்தபடி. நான் பதறிப்போய் லெப்டொப்புக்குக் கீழ கையை விட்டுப் பார்த்தன், சூடில்லை. நதீராதான் திரையை விரலால காட்டினாள். உனக்குப் பின்னால ஃபேன் சுத்திக்கொண்டு இருந்தது மகன். ஜன்னல் சேலை ஆடிக்கொண்டு இருந்தது. ஒரு நிமிசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாய், பிறகு லைனை நிப்பாட்டிட்டாய்.

அப்ப இருபத்திநாலாம் திகதி நிண்டது லெப்டொப்பா நீயா? வேண்டாம், சொல்லாதே. நான் ரெண்டு கிழமையா என்ட தலையணையைத் திட்டித் திட்டிச் சோறு இறங்காம இருந்தன், அது போதும். ஊருக்கு வா எண்டா முந்தி யுத்தம் எண்டாய், செக்பொயின்ற் எண்டாய். மணல் மூட்டையெல்லாம் அள்ளி ரெண்டு வருசமாகப் போகுது. பிறகு லீவு எண்டாய், பிறகு லெப்டொப். சுனாமிக்குப் பிறகு வாப்பாட நாப்பதாம் நாள் கத்தத்துக்கு வந்து பத்து நாள் இருந்தாய், கடற்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை, அதோட ஆறு வருசம். பெத்தவளுக்குத் தெரியாதா உன்ட மனசு. கடல் கொண்டுபோன வாப்பாட மையித்தை, அந்த உடம்பை நாம காணல்ல. வொலி எண்டு நீ வாயைத் திறந்தா வாப்பா மௌத்து எண்டு நீயே சொன்னதாப் போயிரும், அதுதானே உன்ட தொண்டையை அடைக்குது? நானும்தான் மையித்தைக் காணல்ல. காணாமலே நாலு மாதமும் பத்து நாளும் புருசனை இழந்தவள் இருக்கிற இத்தா இருந்தன், முகாமெண்டு குடுத்த பள்ளிக்கூட வகுப்பறையில, ஒரு சேலையை மறைப்பாக் கட்டிக்கொண்டு. என்ட புருசன் இல்லை எண்டு ஊருக்கு முன்னால ஒத்துக்கொண்டன். எனக்கு மட்டும் அது லேசா இருந்ததா?

வியாழக்கிழமை நதீரா எழும்பிப்போய் முகம் கழுவிட்டு வந்து, காழியாரிட்ட மனுத் தாள் எடுத்துத் தாங்க, வொலி முன்வராத புள்ளைக்கு வொலி இல்லாமலே நிக்காஹ் செய்ய அவர் உத்தரவு குடுப்பாராம் எண்டாள். அழல்ல. அழுதிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். மக்கீன் மாமா தாளை எடுத்து வந்தார், அவளே நிரப்பினாள். இந்த மாதம் இருபத்தஞ்சாம் திகதி திங்கள் காலையில கொண்டுபோய்க் குடுப்பம், அதுக்கு மேல பிந்த ஏலாது.

அல்லாஹ் உனக்கு நல்ல ஹயாத்தைத் தரட்டும், உன்ட உழைப்பில பரக்கத்தைச் சொரியட்டும், நாக்குக்கும் கொஞ்சம் பலத்தைக் குடுக்கட்டும். உன்னை ஏசி எழுதின கையாலதான் அஞ்சு நேரமும் உனக்குத் துஆ கேட்கிறன். நேரத்துக்குத் தொழு, வெறும் வயித்தில தேத்தண்ணி குடிக்காதே. தாள் குடுக்கிறதுக்கு முதல் நாள், இருபத்திநாலாம் திகதி ஞாயிறு அஸருக்குப் பிறகு லெப்டொப்பைத் திறந்து வச்சுட்டு இருப்பன், மறக்காதே. அந்தத் தாளில கூடப்பிறந்த ஆண்கள் எண்டு கேட்டிருக்கிற இடத்தில இல்லை எண்டு நதீரா எழுதி இருக்கிறாள். மற்றதெல்லாம் பேனையால, அந்த ஒண்டு மட்டும் பென்சிலால.

உன்ட உம்மா
கமீலா