நான் எடுத்துவிட்ட வார்த்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா தைலம் தேய்த்துவிட்டால்தான் கேட்கும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இங்கே பத்திரிகையில் சின்னதாக ஒரு தகராறு. வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் வழக்குச் செய்தி, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க என்னிடம் வந்தது. பெயர் போடக் கூடாது என்பது சட்டம், போடவில்லை. ஆனால் ‘பேக்கரிக்காரர் மகள்’ என்று இருந்தது.

"பேர் போடலையே, அப்புறம் என்னம்மா?" என்றார் ஆசிரியர்.

"அந்த ஏரியாவுல பேக்கரி ஒண்ணுதான் சார் இருக்கு."

"அந்த வார்த்தையிலதான் செய்தியே இருக்கு. அதுல கை வச்சா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அழித்துவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல அந்தக் கடையில் ரொட்டி வாங்கப் போனேன். வரிசையில் ஒருவர் எங்கள் பேப்பரை விரித்து, "யார் பெத்த பொண்ணோ, பாவம்" என்றார். பேக்கரிக்காரர் நிமிரவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் நீட்டினார், அவ்வளவுதான்.

ஆசிரியரும் சொன்ன சொல் தவறாதவர்.

இப்போது அறையில் நல்ல ஓய்வு. பேசத்தான் ஆள் இல்லை. என் சான்றிதழ்களைத் தபாலில் அனுப்புங்கள், கூடவே அம்மாவின் பழைய ஸ்வெட்டரையும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மாவிடம் ஸ்வெட்டர் கேட்டதை மட்டும் சொல்லுங்கள். வேலையைப் பற்றி நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், சான்றிதழ் என்ற அந்த ஒரு வார்த்தை போதும், கண்டுபிடித்துவிடுவாள்.

உங்கள் மகள்